கரண்டு வந்தால் அறுவடை

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் புதிதாக எது வந்தாலும் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. அந்தப் பொருளை அவர் கையால் தொட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தொடுதிரை செல்போன் வந்த புதிதில், அது விவசாயிக்கு ஆகாது என்று வாய்க்கால் மதகில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். கையில் சேறோ ஈரமோ இருந்தால் அது எடுக்காதாம். மனுசனை வேலை செய்ய விடாமல் வைப்பதற்காகவே செய்த போனாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற டிவி வரப்போகிறது என்று யாரோ சொன்னபோது, "கண்ணு நல்லா இருக்கறவனுக்கு எதுக்குக் கண்ணாடி?" என்று கேட்டு அந்த டிவியை அன்றே முடித்துவைத்தார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது என்று பேப்பரில் வந்த நாள் மட்டும் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"அம்மாந்தூரத்துல தண்ணி ஓடுனதக் கண்டுபுடிச்சிட்டான். மேட்டூர்ல எப்ப தொறப்பான்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல."

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். ஊருக்குள் வருகிற வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வயல்கள் வெடித்துக் கிடந்தன. போர் போட்டவர்கள் கரண்டுக்காகக் காத்திருந்தார்கள். போர் இல்லாத நாங்கள் ஆற்றுக்காகக் காத்திருந்தோம். கரண்டும் வரவில்லை, ஆறும் வரவில்லை. அது மின்வெட்டுக் காலம். எப்போது போகும் என்று தெரியும், எப்போது வரும் என்று தெரியாது.

நான் எட்டாவது படித்தேன். அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்போடு வீட்டில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அது. மாமா ஒரு டாங்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைச் செருகினால் இன்டர்நெட் வரும் என்றார். வந்தது, ஆனால் தென்னை மரத்தைப் பார்த்த ஜன்னலில் மட்டும்தான் வந்தது. அதனால் கட்டில், நாற்காலி, படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அந்த ஜன்னலுக்கு இடம் மாறினோம்.

அந்த லேப்டாப்பில்தான் நான் பண்ணை விளையாட்டைக் கண்டுபிடித்தேன். அப்போது எல்லோரும் கணக்கு வைத்திருந்த ஒரு வலைத்தளத்துக்குள்ளே அது இருந்தது. பச்சையாக ஒரு நிலம் கொடுப்பார்கள். கட்டம் கட்டமாக உழலாம், விதைக்கலாம். சில மணி நேரத்தில் விளைந்துவிடும். நேரத்துக்கு அறுத்தால் காசு, அறுக்காமல் விட்டால் வாடிப்போகும். வாடிய பயிருக்கு நாமே தண்ணீர் ஊற்ற முடியாது. பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து தெளித்தால்தான் பிழைக்கும். அக்கா தன் கணக்கைத் தரமாட்டேன் என்றுவிட்டாள். அதனால் அப்பா பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கி, தோளில் துண்டோடு அவர் முறைத்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தாள். அப்பாவின் பெயரில் இருந்த சொத்துகளில் பட்டா இல்லாத ஒரே நிலம் அதுதான்.

முதல் நாள் அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு வரப்பு எங்க?"

"வரப்பு கெடயாதுப்பா."

"வாய்க்கா?"

"அதுவும் கெடயாது. தண்ணியே வேணாம். வெதச்சா தானா வந்துடும்."

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "எந்த ஊரு இது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மதகுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மதகில், பிள்ளைகளைச் சோம்பேறியாக்க வெளிநாட்டுக்காரன் செய்த சதி என்று அந்த விளையாட்டைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் வெளியானது.

சிக்கல் பள்ளிக்கூடம் திறந்ததும்தான் வந்தது. அக்காவுக்கும் மன்னார்குடியில் காலேஜ் ஆரம்பித்துவிட்டது. காலையில் நான் விதைத்துவிட்டுப் போகும் தக்காளி மத்தியானம் விளைந்துவிடும். நான் திரும்பி வருவதற்குள் வாடிவிடும். அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு இருக்கற வேல போதும்" என்றாள். வீட்டில் வேலை இல்லாமல் இருந்த ஒரே ஆள் அப்பாதான். வயலுக்குப் போவார், நின்று பார்ப்பார், திரும்பி வருவார். அதை ஒரு வேலை என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"மத்தியானம் ஒரு தடவ அறுத்து மட்டும் வுட்டுடுங்கப்பா. இந்த அருவாளத் தொட்டுட்டு, பயிரத் தொட்டாப் போதும்."

"போ, போ. வேற வேல இல்ல" என்றார்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். ஒரு தக்காளிகூட வாடவில்லை. எல்லாவற்றையும் அறுத்து, நிலம் முழுவதையும் உழுது, மறுபடியும் விதைத்திருந்தார். நெல். ஒரு மூலை விடாமல் நெல். அந்த விளையாட்டில் நெல்லுக்குக் காசு குறைவு. ஸ்ட்ராபெரி போட்டால் சீக்கிரம் விளையும், காசும் கூட என்று நான் அழாத குறையாகச் சொன்னேன்.

"எத்தன நாளைக்கித்தான் பழமாத் தின்னுக்கிட்டு இருப்பானுவ? நெல்லு கெடக்கட்டும்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஒரு வாரம் "அறுத்து மட்டும்" விட்டார். அடுத்த வாரம் என்னைக் கேட்காமலே கோழிக்கூண்டு வாங்கினார். அதற்கடுத்து, விடிகிற நேரத்தில் செல்போனில் அலாரம் வைத்து எழுந்து, பல்கூட விளக்காமல் ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார். கரண்டு போகிற நேரத்தை வைத்துப் பயிரைத் தேர்ந்தெடுக்கும் வித்தை ஒன்றை அவரே உண்டாக்கிக்கொண்டார். காலையில் கரண்டு போய் மத்தியானம் வரும் நாளுக்குக் கத்திரிக்காய்; சாயங்காலம் போகும் நாளுக்கு நெல்; என்ன நடக்கும் என்றே தெரியாத நாளுக்குப் பூசணி. பேட்டரி தீரப்போகிற கடைசி நிமிடத்தில் அவர் சர்சர்ரென்று அறுத்துத் தள்ளும் வேகத்தைப் பார்த்து அக்காவே அசந்துபோனாள். தொடுதிரையைத் திட்டிய அதே ஆள், லேப்டாப்பின் சின்னக் கறுப்புப் பட்டையில் விரலால் அம்மி அரைப்பது போலத் தேய்ப்பார்.

மதகில் விஷயம் பரவிவிட்டது. "என்னண்ணே, இன்னிக்கி மகசூல் எப்புடி?" என்று கேட்பார்கள். அப்பாவும் விடமாட்டார். "ஒங்களுக்கு ஆறு வந்தா அறுவட. நமக்குக் கரண்டு வந்தா அறுவட" என்பார்.

அம்மா மட்டும் ஒரு நாள் கேட்டாள். "ஏங்க, அந்தக் கோழிக்கித் தீனி வச்சிட்டீங்க. கொல்லையில ரெண்டு கோழி காலையிலேருந்து கத்துதே, அதுக்கு எந்த பட்டனத் தட்டணும்?"

அப்பா எழுந்துபோய்த் தவிட்டை அள்ளிப் போட்டுவிட்டு மறுபடியும் ஜன்னலுக்கு வந்தார்.

இந்த இடத்தில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தப்பா சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர். நிலத்தைப் பாகம் பிரித்தபோது எங்களுக்கும் அவருக்கும் ஒட்டினாற்போல வந்தது. நடுவில் ஒரு வரப்புதான். அண்ணன்தான் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது, அப்பா உட்பட. சித்தப்பா தன் பங்கைக் கீழத்தெருக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அப்பா கேட்கவில்லை, சித்தப்பாவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றுபோனது. சித்தப்பா அம்மாவின் போனில் கூப்பிடுவார். அம்மா, "தம்பி, சாப்புட்டீங்களா?" என்று ஆரம்பித்த உடனே அப்பா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். எங்கள் மாடுகள் நல்ல கவனிப்பில் வளர்ந்ததற்கு சித்தப்பாவின் போன்கள் ஒரு காரணம்.

எனக்கு இந்தச் சண்டையில் அக்கறை இல்லை. எனக்கு வேண்டியது பக்கத்துப் பண்ணைக்காரர். குறிப்பிட்ட அளவு அண்டைப் பண்ணைகள் இருந்தால்தான் நிலத்தைப் பெரிதாக்க முடியும் என்று விளையாட்டில் ஒரு சட்டம். அக்காவின் சிநேகிதிகள் எல்லோரையும் சேர்த்தும் ஓர் ஆள் குறைந்தது. அப்போது அந்த வலைத்தளமே ஒரு முகத்தைக் காட்டி, 'இவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டது. மஞ்சள் ஹெல்மெட்டோடு சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தெரியும் என்பதால் தெரியும் என்று அமுக்கினேன். பண்ணைக்கு அழைக்கவா என்றது. அழை என்றேன். மறுநாளே நிலம் பெரிதாகிவிட்டது. அப்பா அதைத் தன் உழைப்பின் பலன் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை. முதல் நாள் மத்தியானம் போன கரண்டு அன்று காலையில்தான் வந்தது. டிரான்ஸ்பார்மரில் ஏதோ கோளாறு என்றார்கள். அப்பா நிலம் முழுக்க நெல் போட்டிருந்தார். கரண்டு வந்ததும் ஓடினார். நானும் அக்காவும் பின்னாலேயே ஓடினோம். எல்லாம் போயிருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

திரை திறந்தது. நிலம் பச்சையாக இருந்தது. ஒரு கட்டம்கூட வாடவில்லை. நடுவில் ஒரு பெட்டி: 'உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து தண்ணீர் பாய்ச்சினார்.' அதன் கீழே மஞ்சள் ஹெல்மெட்.

அப்பாவின் கை அந்தக் கறுப்புப் பட்டை மேலேயே நின்றுவிட்டது.

"இவன யாரு உள்ள வுட்டது?"

நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அக்கா மெதுவாகச் சொன்னாள். "பக்கத்துல ஆளு இல்லாம பண்ண பெருசாகாதுப்பா. அதான் சட்டம்."

"எவன் போட்ட சட்டம்?"

அப்பா லேப்டாப்பை மூடினார். கோபத்தில் அறைந்து மூடியிருந்தால்கூட எனக்குப் பயமாக இருந்திருக்காது, மெதுவாக மூடினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். விளைந்த நெல் அறுக்காமல் அப்படியே கிடந்தது. இனிமேல் பண்ணையே கிடையாது, டாங்கிளும் அநேகமாக மாமா வீட்டுக்கே திரும்பிப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. அன்று முழுக்க ஜன்னல் பக்கமே யாரும் போகவில்லை. அம்மா மட்டும், விஷயம் முழுக்கத் தெரிந்துகொண்டு, மத்தியானம் வாழைப்பூ வடை சுட்டாள். அப்பாவுக்கு அது பிடிக்கும்.

மறுநாள் விடிகாலையில் அப்பாவின் குரல் கேட்டு விழித்தேன். தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

"வயலா இது? வயலாடா இது?"

எழுந்துபோய்ப் பார்த்தேன். அப்பா சித்தப்பாவின் பண்ணைக்குள் இருந்தார். நாங்கள் அழைத்த பிறகுதான் சித்தப்பா அதைத் தொடங்கியிருக்கிறார் போலிருக்கிறது. ஒரு மூலையில் நாலு கட்டம் மிளகாய், இன்னொரு மூலையில் தனியாக ஒரு மாடு, மற்ற இடமெல்லாம் புல் மண்டிக் கிடந்தது.

"பாரு பாப்பா, களையப் பாரு. இவன் என்னிக்கி மம்புட்டியப் புடிச்சிருக்கான்? பள்ளிக்கொடம் போறேன், காலேசி போறேன்னு வரப்புலயே நின்னவன்தானே" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு களையாக எடுத்தார். கடைசிக் களை போகும் வரை எடுத்தார். பிறகு தன் பண்ணைக்குத் திரும்பி வந்து, தண்ணீர் பாய்ச்சியதில் இன்னும் வாடாமல் நின்ற அந்த நெல்லை அறுத்தார்.

அதற்கப்புறம் ஒரு போட்டி தொடங்கியது. யாரும் போட்டி என்று சொல்லவில்லை. அப்பா களை எடுத்துவிட்டு வந்தால், மறுநாள் எங்கள் கோழிகளுக்கு யாரோ தீனி வைத்திருப்பார்கள். அப்பா சித்தப்பாவின் மிளகாய்க்குத் தண்ணீர் தெளித்தால், சாயங்காலம் எங்களுக்கு ஒரு தென்னங்கன்று பரிசாக வந்திருக்கும். "அவன் தயவுல நாம நிக்கணுமா?" என்று சொல்லி அப்பா பதிலுக்கு ஒரு கன்றுக்குட்டி அனுப்பினார். அது எங்கள் பண்ணையிலேயே விலை கூடிய கன்றுக்குட்டி. நான் தடுத்தும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போன் அடித்தது. அப்பா வழக்கம்போல எழுந்தார். அம்மா, "தம்பி, சாப்புட்டீங்களா?" என்று ஆரம்பித்துவிட்டு, கொஞ்சம் கேட்டுவிட்டு, போனை அப்பா பக்கம் நீட்டினாள்.

"ஒங்களத்தான் கேக்குறாங்க. பூசணியப் பத்தி ஏதோ தெரியணுமாம்."

அப்பா மாட்டுக்கொட்டகையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாங்கிக் காதில் வைத்தார்.

"ம்... சொல்லு." அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டார். "பூசணி வேணாம். நீ டூட்டி முடிஞ்சி வர்றதுக்குள்ள வாடிடும். கத்திரி போடு... ம்... ஒரு கோடியிலேருந்து வரிசயா வா. நடுவுல எடம் வுடாத. மாட்ட எதுக்கு அந்த மூலையில கட்டியிருக்க? கிட்ட கொண்டாந்து கட்டு."

பேசினார், பேசினார், போன் சூடாகும் வரை பேசினார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். பிரிந்த அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டால் யாராவது ஒருவர் அழுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், குத்தகை சமாச்சாரம் வெளிவரும் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கத்திரிக்காய், கோழி, மாடு. கடைசியில் மட்டும், "அங்க மழ உண்டா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "இங்க இன்னும் இல்ல" என்றார். போனை அம்மாவிடம் கொடுத்தார்.

இவ்வளவு நாள் கழித்துப் பேசுகிறவர்களுக்கு விளையாட்டை விட்டால் வேறு பேச்சே இல்லையே என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

ஆவணி கடைசியில் மேட்டூர் திறந்துவிட்டார்கள். குறுவை போனது போனதுதான். சம்பாவாவது கிடைக்கும் என்று ஊர் சிரித்தது. பாமணியாற்றில் நுரையோடு தண்ணீர் வந்து, வாய்க்காலில் இறங்கி, கிரிக்கெட் பிட்ச்சை மூழ்கடித்தது. பையன்கள் மட்டையை வைத்துவிட்டுக் குதித்தார்கள். கீழத்தெருக்காரர் இனி சாகுபடி தன்னால் ஆகாது என்று குத்தகையை விட்டுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். சித்தப்பாவிடமிருந்து ஒரு போன் வந்தது. இந்த முறை நேராக அப்பாவின் போனுக்கே வந்தது. "ரெண்டுக்கும் ஒரே நாத்தங்காலு போதும்" என்று அப்பா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. இது எந்தப் பயிருக்கான யோசனை, விளையாட்டில் நாற்றங்காலே கிடையாதே என்று குழம்பினேன்.

சம்பா நடவுக்கு சித்தப்பாவே லீவு போட்டு வந்துவிட்டார். எனக்குக் கலர் பென்சில் பெட்டி, அக்காவுக்கு வாட்ச், அப்பாவுக்கு ஒரு தொடுதிரை செல்போன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல மாடல்" என்றார். மறுநாள் விடிவதற்குள் இருவரும் வயலுக்குப் போய்விட்டார்கள். அடுத்த நாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும்.

சனிக்கிழமை நான் லேப்டாப்பைத் திறந்தேன். அப்பாவின் நிலம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பழுப்பாக வாடிக் கிடந்தது. நெல், கத்திரி, பூசணி, எல்லாம். சரி, பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து தண்ணீர் தெளித்தால் பிழைக்குமே என்று சித்தப்பாவின் பண்ணைக்குப் போனேன். அங்கே அதைவிட மோசம். வரிசை வரிசையாகப் போட்ட கத்திரி முழுவதும் கருகிப்போய், நான் தடுத்தும் அப்பா அனுப்பிய அந்தக் கன்றுக்குட்டி நடுவில் நின்றுகொண்டிருந்தது.

வயலுக்கு ஓடினேன். நடுவில் இருந்த வரப்பில் அம்மா கொடுத்துவிட்ட தூக்குப் போணி இருந்தது. ஒரு பக்கம் நடவு ஆட்கள் பாட்டும் பேச்சுமாக நட்டுக்கொண்டு வந்தார்கள். இன்னொரு பக்கம் முழங்கால் சேற்றில் அப்பாவும் சித்தப்பாவும் நாற்றுக்கட்டுகளை வீசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவுக்கு வீசத் தெரியவில்லை. ஒரு கட்டு பிரிந்து அவர் முகத்திலேயே விழுந்தது. அப்பா திட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! எல்லாம் வாடிப் போச்சுப்பா!" என்று வரப்பிலிருந்து கத்தினேன். "சித்தப்பா, ஒங்க பண்ணையும் போச்சு! ஒண்ணுகூட மிச்சம் இல்ல!"

இருவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சித்தப்பாதான் சிரித்தார். அப்புறம் அப்பா. நடவு ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"போனாப் போவுது பாப்பா" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. துடைத்ததில் கன்னமெல்லாம் சேறானது.

எனக்கு அவமானமாக இருந்தது. விடிகாலை அலாரம் வைத்து, கரண்டுக்குக் காத்திருந்து, ஆளுக்கு ஆள் தண்ணீர் தெளித்து வளர்த்த பண்ணைகள். ஒரே வாரத்தில் இரண்டையும் காயவிட்டுவிட்டு, அதைச் சொல்ல ஓடி வந்தவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களே. பெரியவர்களை நம்பி ஒரு வயலை ஒப்படைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கருகிய பயிரையெல்லாம் ஒவ்வொரு கட்டமாக நானே பிடுங்கினேன். அன்று எங்கள் ஊரில் துக்கமாக இருந்த ஒரே விவசாயி நான்தான்.